சீமாட்டியின் தபால்பெட்டி

ரேவன்பெக் கோட்டை, டிக்கெட் கொட்டகை
3 ஆகஸ்ட் 1987

அடியே டார்கஸ்,

எழுதுறது யாருன்னு கவரைத் திருப்பித் திருப்பிப் பாக்காதே. இந்தக் கோழிக்கிறுக்கல் யார்க்‌ஷயர் முழுக்க ஒருத்தனுக்குத்தான் உண்டு. ஆமா, வில்ஃப் கார்பட்டேதான். இன்னும் சாகலை.

நீ என்னோட பேசி எட்டு வருஷம் ஆச்சு. நீ பாட்டுக்கு தபாலாபீஸைப் பூட்டி சாவியைக் குடுத்துட்டு, விட்பில தங்கச்சி மக வீட்டுல போய்க் கடலைப் பாத்து உக்காந்துட்டே. நான் எழுபத்தொரு வயசுலயும் அதே கோட்டையில அதே புல்லை வெட்டிக்கிட்டு, டிக்கெட் கிழிச்சுக்கிட்டு, வர்றவங்க காதுல பூ சுத்திக்கிட்டு இருக்கேன். அகழில ஆறு செம்மறி. கோபுரத்து உச்சியில காக்காக் கூட்டம். அதுங்கதான் எனக்குப் பேச்சுத் துணை. அதுங்களும் உன்னை மாதிரியே, நான் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுதுங்க.

சரி, சேதிக்கு வர்றேன். மண்ணைத் தோண்டி ஆராயிற பொண்ணு ஒருத்தி வந்திருக்கா. ஹாரியட் லம்லின்னு பேரு. காதுல பென்சில், முழங்கால்ல சேறு. நேத்து என்னை வடக்குச் சுவருக்குக் கூட்டிட்டுப் போயி, மாடத்துல கல் பெஞ்சுல இருக்கே அந்த ஓட்டை, அதைக் காட்டினா.

"மிஸ்டர் கார்பட், இது என்னன்னு தெரியுமா?"

"சீமாட்டியோட தபால்பெட்டி."

"இது கக்கூஸ்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் அம்பத்தஞ்சு வருஷமா தபால்பெட்டின்னு சொல்லிட்டிருக்கீங்க?"

உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா சொல்லாம விட்டா எனக்கு நாக்கு அரிக்கும். அப்ப எனக்குப் பதினாறு வயசு. லீட்ஸ்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, தொப்பியில முழு ஃபெசன்ட் கோழியோட வால். அந்த ஓட்டைக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு, "இது எதுக்குப்பா?"ன்னு கேட்டாங்க. மூக்கு உள்ள இருக்கறப்ப எந்த மனுசன் கக்கூஸ்னு சொல்லுவான்? "தபால்பெட்டி மேடம்"னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் அதுக்குக் கையும் காலும் முளைச்சுது. சீமாட்டி ஹவீஸோட புருசன் ராஜாவோட சண்டைக்குப் போயிட்டான், ஸ்காட்லாந்துக்காரன் பதினோரு வாரம் கோட்டையைச் சுத்தி வளைச்சுட்டான், அந்தம்மா தினம் ஒரு கடுதாசி எழுதி இதுல போட்டுச்சு, பன்னெண்டாவது வாரம் புருசன் வந்துட்டான். அதனால இதுல எதைப் போட்டாலும் சீமாட்டி பதில் குடுப்பா! இதுல முற்றுகையும் பதினோரு வாரமும் நெசம், புஸ்தகத்துல இருக்கு. தபால் மட்டும் என் சரக்கு. அன்னையில இருந்து இந்த வட்டாரத்துல காதலிச்ச எல்லாப் பயலும் அந்தக் கக்கூஸ்ல கடுதாசி போட்டிருக்கான்.

இப்ப லம்லிப் பொண்ணு செப்டம்பர் பதினாலாம் தேதி அடிக்குழியைத் தோண்டப் போறா. அப்புறம் "கழிவறை"ன்னு பலகை. அம்பத்தஞ்சு வருஷத்துக் கடுதாசியும் வெளிய வரும். இதைக் கேட்டா நீயாவது சிரிப்பேன்னுதான் எழுதுறேன்.

இன்னொண்ணு. உன் பிரிவு விழாவுல, ஊர் மன்றத்துல, நான் எந்திரிச்சு "நாப்பது வருஷமா நம்ம ஊர்ல ரெண்டு தபால்பெட்டி. ஒண்ணு டார்கஸோடது, இன்னொண்ணு கக்கூஸ்"னு சொன்னேன். ஊரே சிரிச்சுது. நீ மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கேக்கைக்கூட வெட்டாம வெளிய போயிட்டே. ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. அதைவிட மோசமாவெல்லாம் உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கேனே.

வில்ஃப்


விட்பி
7 ஆகஸ்ட் 1987

திரு. கார்பட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் பத்தொன்பது எழுத்துப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பழைய பழக்கத்தைப் புதுப்பிக்க நான் இதை எழுதவில்லை. நீங்கள் குறிப்பிட்ட அந்தக் குழியில் என்னுடைய பொருள் ஒன்று கிடக்கிறது. வட்டமான தகர டாஃபி மிட்டாய் டப்பா. மூடியைச் சுற்றிச் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும். செப்டம்பர் பதினான்குக்கு முன்பு அதை நீங்கள் வெளியே எடுக்க வேண்டும். திறக்கக் கூடாது. குலுக்கிப் பார்க்கக் கூடாது. உங்களை எனக்குத் தெரியும். எடுத்த கையோடு ஆற்றில் பாலத்துக்குக் கீழே ஆழமான இடத்தில் போட்டுவிட வேண்டும்.

அது என்ன என்று கேட்க வேண்டாம். உங்களிடம் நான் கேட்கும் முதல் உதவி இது. கடைசியும் இதுதான்.

இப்படிக்கு,
டார்கஸ் ரா


கொட்டகை
11 ஆகஸ்ட்

டார்கஸ்,

"திரு"வாம்! என் கல்யாணப் பத்திரிகையில கூட எனக்கு யாரும் திரு போடலை. அதை வெட்டி கொட்டகைச் சுவத்துல ஒட்டிட்டேன். செம்மறி வந்து மரியாதையா பாத்துட்டுப் போகுது.

ஆக, நீயும் போட்டிருக்கே! எல்லாரோட கடுதாசியையும் தராசுல நிறுத்து, ஸ்டாம்பு கோணலா இருந்தா முறைச்சுப் பாக்கிற டார்கஸ் ரா, ஸ்டாம்பே ஒட்டாம கக்கூஸ்ல தபால் போட்டிருக்கா. அரக்கு வேற! சர்க்கார் அரக்கு தானே அது? எனக்கு ராத்திரிச் சோறு இறங்கலை, அவ்வளவு சந்தோசம்.

உள்ள என்னன்னு நான் கேக்க மாட்டேன். யோசிக்கிறதுக்கு மட்டும் தடை இல்லையே. பாதிரியார் ஹெஸ்லிங்டனுக்குக் காதல் கடுதாசியா? அந்த ஆளுக்குக் காது பூரா மயிரு. இல்ல கறிக்கடை டாமுக்கா? அவன் வாரா வாரம் உனக்கு மட்டும் ஒரு சாசேஜ் சேத்துப் போடுவான், ஊருக்கே தெரியும். எனக்கா இருக்க முடியாது. நாப்பதாம் வருஷம் சண்டையில தப்பிச்சு நான் பிரான்சுல இருந்து வந்து இறங்கினப்ப ஊரே கட்டிப் புடிச்சு அழுதுச்சு. எங்கம்மா மயங்கி விழப் பாத்துச்சு. உன் ஆபீஸுக்குள்ள வந்தேன். நீ மட்டும் தேதி முத்திரையைக் கையில வச்சுக்கிட்டு, "பூட்ஸைத் துடை வில்ஃப், இப்பதான் தரையைக் கழுவினேன்"னே. அந்த மாதிரி வரவேற்பு ஹிட்லர்கூட எனக்குக் குடுக்கலை.

எடுத்துத் தர்றேன். ஆனா கூலி வேணும். விட்பிப் புகைபோட்ட ஹெர்ரிங் மீன், ரெண்டு ஜோடி. கொழுத்ததா பாத்து அனுப்பு.

வில்ஃப்
(பிழை திருத்தி அனுப்பு. அடுப்பு பத்த வைக்கத் தாள் இல்லை.)


விட்பி
17 ஆகஸ்ட்

திரு. கார்பட்,

ஹெர்ரிங் தனிப் பொட்டலத்தில் வருகிறது. வெயில் படாமல் வையுங்கள். பதினான்கு பிழைகள்.

நீங்கள் இதை விளையாட்டாக நினைக்கிறீர்கள். எதைத்தான் நினைக்கவில்லை? எனவே ஒன்று மட்டும் சொல்கிறேன், பிறகாவது கவனமாக இருப்பீர்கள் என்று.

பிரிவு விழாவில் எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அதன் முதுகில் பொறித்திருக்கிறது: "நாற்பது ஆண்டுகள். ஒரு தபாலும் தொலைந்ததில்லை." அதை வாங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நீங்கள் எழுந்து அந்தக் கக்கூஸ் கதையைச் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தபோது எனக்கு மட்டும் தெரியும், அந்தக் கடிகாரத்தின் முதுகில் இருப்பது பொய் என்று.

ஒரு தபால் தொலைந்தது. நான்தான் தொலைத்தேன். அதுதான் அந்த டப்பா.

எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அந்தப் பெண் டப்பாவைத் திறந்தால் அதுவும் இல்லை. கடிகாரத்தை இங்கே அலமாரியில் சுவரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன், முதுகு தெரியட்டும் என்று அல்ல, முகம் என்னைப் பார்க்க வேண்டாம் என்று. மணி பார்க்க சமையலறைக்குப் போகிறேன்.

டார்கஸ் ரா


கொட்டகை
25 ஆகஸ்ட்

டார்கஸ்,

இதை நின்னுக்கிட்டே எழுதுறேன். உக்கார முடியலை. ஏன்னு கேளு.

போன வியாழக்கிழமை லம்லிப் பொண்ணு கும்பல் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, சுவருக்கு வெளிப்பக்கம் போனேன். கீழ ஒரு சின்ன வளைவு வாசல் இருக்கில்ல, அந்தக் காலத்துல எவனோ பாவப்பட்டவன் உள்ள கையை விட்டு வாரி எடுத்த வழி? பாதிக்குக் கல்லு விழுந்து அடைச்சிருக்கு. டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு தலையை விட்டேன், போச்சு. தோளை விட்டேன், போச்சு. உன் டப்பா தெரிஞ்சுது டார்கஸ்! சிவப்பு அரக்கு இன்னும் அப்படியே பளபளன்னு. ஒரு முழம் தள்ளி. இன்னும் கொஞ்சம் எக்கினேன்.

அங்கதான் உன் ஹெர்ரிங் துரோகம் பண்ணிச்சு. காலையில ஒரு ஜோடி முழுசா தின்னிருந்தேன். தொந்தி வாசல்ல மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகலை, பின்னாலயும் வரலை. கார்பட் வம்சத்துல முதல் ஆளா இந்தக் கோட்டையை நான் ஒருத்தன் முற்றுகை போட்டேன், அதுவும் கக்கூஸ் வழியா.

அந்த நேரம் பார்த்து பிராட்ஃபோர்டுல இருந்து ஒரு பஸ் நிறைய விதவைச் சங்கத்துப் பொம்பளைங்க. என் பின்பக்கம் மட்டும்தான் அவங்களுக்குத் தெரியுது.

"ஐயோ, இது யாரு?"

"காட்சிக்கு வச்சிருக்காங்கடி. அந்தக் காலத்துல எப்படிச் சுத்தம் பண்ணினாங்கன்னு காட்ட."

"இதுக்குத் தனி டிக்கெட்டா?"

உள்ள இருந்து "நான்தான்மா டிக்கெட் குடுக்கிறவன்!"னு கத்தினேன். "பேசவும் செய்யுது பாரு"ங்கிறா ஒருத்தி. அஞ்சு பேரு போட்டோ புடிச்சிருக்காங்க. கடைசியில லம்லிப் பொண்ணும் அவ கும்பல்ல ஒருத்தனும் வந்து ஆளுக்கொரு காலைப் புடிச்சு உருவி எடுத்தாங்க. பெல்ட் உள்ளயே தங்கிருச்சு.

இப்ப கெட்ட சேதி. "என்ன பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு லம்லிப் பொண்ணு கேட்டா. "தபால் எடுக்கப் போனேன்"னேன். அவ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா. "அது என்ன டப்பா? அரக்கு மாதிரி இருக்கே?" கண்ணு அப்படியே விரிஞ்சிருச்சு. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்னு தோண்டுற வேலையை செப்டம்பர் ஒண்ணாந்தேதிக்கே கொண்டுவந்துட்டா. என் வேலையால கெட்டது.

அதனால இப்ப நீ எனக்கு நெசத்தைச் சொல்லணும். சும்மா வாய்க்குக் கேக்கலை. அவகிட்ட நான் என்ன சொல்லி அதைக் கேக்கிறது? அது என்னன்னு தெரிஞ்சாத்தானே அது யாரோடதுன்னு வாதாட முடியும்.

கடிகாரத்தைப் பத்தி எழுதியிருந்தே. அதை நாலு தடவை படிச்சேன். எனக்கு நாலு தடவை படிக்கிறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியும், ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சுல இருந்தவதானே. அந்த ரெண்டு நிமிசத்தை உனக்கு நான் விட்டிருக்கணும். அது உன்னோடது. எடுத்துக்கிட்டேன். தப்பு.

இதுல பிழை எத்தனைன்னு சொல்ல வேணாம்.

வில்ஃப்


விட்பி
28 ஆகஸ்ட்

வில்ஃப்,

உன் கடிதத்தை வாசித்து, அந்தப் பிராட்ஃபோர்டுப் பெண்கள் வரும் இடத்தில் சிரித்துவிட்டேன். தங்கை மகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. அதனால் இப்போது சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் இருக்கிறது. எழுதி முடிக்கும் வரை அது இருக்குமா தெரியாது.

1940 ஜூன் ஐந்தாம் தேதி, புதன்கிழமை. பாதி நாள் வேலை. கதவைச் சாத்தப் போகும் நேரம் டெலிபோன் அடித்தது. தந்தி. அப்போதெல்லாம் ரிச்மண்டிலிருந்து ஒருவர் வாசிப்பார், நான் இங்கே என் கையால் படிவத்தில் எழுதிக்கொள்வேன். பெறுநர்: திருமதி ஏடா கார்பட். உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். காணவில்லை, மாண்டதாகக் கருதப்படுகிறார். வழக்கம்போல, "திரும்ப வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அதற்காகவும் என்னை நான் மன்னித்ததில்லை.

தந்தியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். விதி என்னவென்று உனக்குத் தெரியும்: கையில் கொடுக்க வேண்டும், அவர்கள் வாசிக்கும்வரை நிற்க வேண்டும், "பதில் உண்டா?" என்று கேட்க வேண்டும். உன் அம்மா தோட்டத்தில் ருபார்ப் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். இதயம் பலவீனம், படியேறவே கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்த வருடம் அது. என்னைப் பார்த்து, "என்னம்மா டார்கஸ், என் பயகிட்ட இருந்து ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். "இன்னிக்கு இல்லைம்மா" என்றேன். ஒரு கட்டு ருபார்ப் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"பதில் உண்டா" என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வில்ஃப். அதற்கு அவர் என்ன பதில் சொல்லுவார்?

எரித்திருக்கலாம். தபாலை எரிக்க என் கை எழாது. வைத்துக்கொண்டிருந்தால் நாளை கொடுத்துவிடுவேன் என்று பயந்தேன். டாஃபி டப்பாவில் வைத்து, அரக்கு உருக்கி, முத்திரை குத்தி, கோட்டைக்கு நடந்தேன். அது கழிவறை என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ சொன்னதை நம்பிய ஆட்களில் நானும் ஒருத்தி. இதில் எதைப் போட்டாலும் சீமாட்டி பதில் கொடுப்பாள் என்று நீதானே சொன்னாய். போட்டேன். விழும் சத்தத்தைக் கேட்டேன்.

பத்தொன்பது நாட்கள் உன் அம்மாவுக்கு வணக்கம் சொன்னேன். பத்தொன்பது நாட்கள் ஊரில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் நீ செத்துக் கிடந்தாய். இருபதாம் நாள் கதவைத் திறந்துகொண்டு, யாருடையதோ பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சேறும் சகதியுமாக வந்து நின்றாய். பூட்ஸைத் துடை என்றேன். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

இவ்வளவுதான். நீ பிழைத்து வந்தாய் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. வராமல் போயிருந்தால்? உன் அம்மா எத்தனை வருடம் வாசலைப் பார்த்திருப்பார்? தபால் கொண்டுபோகிறவள் அதை எடை போடக் கூடாது. நான் போட்டேன்.

உன்னைப் பார்த்து என்னால் சொல்ல முடியாததால்தான், பிரிவு விழாவில் நீ செய்த கிண்டலைச் சாக்காக வைத்துக்கொண்டு ஊரை விட்டே வந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கிண்டலும் மோசமானதுதான்.

டார்கஸ்


ரேவன்பெக்
2 செப்டம்பர்

டார்கஸ்,

உன் கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. இன்னிக்குப் புதன். நாலு நாளா பொய்யே சொல்லலை. வந்தவங்ககிட்ட டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, "அது கோட்டை, இது புல்லு"ன்னு மட்டும் சொன்னேன். செம்மறிங்க கவலைப்பட்டுதுங்க.

எங்கம்மா அந்த வருஷத்தைப் பத்தி நிறையச் சொல்லும். "நீ இல்லாதப்ப டார்கஸ் தினம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா, ஒண்ணும் பேச மாட்டா, நல்ல புள்ளை"ன்னு. நான் உன் தலையில ஏதோ கோளாறுன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் அம்மா பதினோரு வருஷம் உசிரோட இருந்துச்சு. இருந்த பதினோரு வருஷத்துல பிள்ளை செத்துட்டான்னு ஒரு நாள்கூட நெனைக்காம இருந்துச்சு. நீ எடை போட்டது தப்புங்கிறே. இருக்கட்டும். ஆனா தராசுல இந்தப் பக்கம் எங்கம்மா உக்காந்திருக்கு. அது கனமான பொம்பளை, உனக்கே தெரியும்.

இப்ப டப்பா. நேத்து லம்லிப் பொண்ணு கல்லையெல்லாம் எடுத்தா. காதல் கடுதாசியெல்லாம் நனைஞ்சு களி மாதிரி ஆயிருச்சு, ஒரு எழுத்துகூடத் தேறலை. எத்தனை பேரு மானம் தப்பிச்சுதோ. என் பெல்ட் கிடைச்சுது. அப்புறம் டப்பா. கையில எடுத்து, மண்ணைத் தட்டி, "இது யாரோடது?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "கார்பட் பேருக்கு வந்த தபாலும்மா. உள்ள இருக்கிறது நாப்பதாம் வருஷத்துச் சரக்கு. நான் திறக்கலை, நீயும் திறக்காதே." அவ என்னைப் பாத்தா. அந்த நேரத்துல என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ. "எங்க வேலையில அம்பது வருஷத்துக்கு உட்பட்டதெல்லாம் குப்பை மிஸ்டர் கார்பட், பதிவே பண்ண மாட்டோம்"னு சொல்லி என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. இன்னும் மூணு வருஷம் போயிருந்தா நீ வரலாறு ஆயிருப்பே.

ஆத்துல போடலை. திறக்கலை. குலுக்கிப் பாத்தேன், ஒரே ஒரு தடவை. அது என் புத்தி, என்ன பண்றது. இந்தக் கடுதாசியோட பதிவுத் தபால்ல உனக்கே அனுப்புறேன். எரிக்கணும்னா எரி, கடல்ல போடணும்னா போடு. உன் கையில இருக்கணும், அவ்வளவுதான்.

ஆனா அதுக்கு முன்ன ஒரு சேதி கேளு. உக்காந்து கேளு.

பலகைக்கு எழுதணும்னு லம்லிப் பொண்ணு லண்டன்ல பழைய தோல் சுருளையெல்லாம் பாக்கச் சொல்லியிருந்தாளாம். பதில் இன்னிக்கு வந்துச்சு. யார்க் நகரத்து அதிகாரி ராஜாவுக்கு எழுதினது, அந்த முற்றுகை நடந்த வருஷமே. அதுல என்ன இருக்கு தெரியுமா? பதினோராவது வாரம் சீமாட்டி ஹவீஸ் உதவி கேட்டு ஒரு கடுதாசி எழுதினா. ஸ்காட்லாந்துக்காரன் எல்லா வாசலையும் அடைச்சுட்டான். ஆடம்னு ஒரு வேலைக்காரன், ஒல்லியான ஆளு, கடுதாசியைக் குல்லாய்க்குள்ள வச்சுத் தைச்சுக்கிட்டு, வடக்குச் சுவத்துக் கக்கூஸ் வழியா கயித்துல இறங்கி யார்க் வரைக்கும் ஓடினான். அதைப் படிச்சுட்டுத்தான் படை வந்துச்சு.

டார்கஸ், அது தபால்பெட்டிதான்! அம்பத்தஞ்சு வருஷமா நான் சொன்ன பொய்யி நெசமாப் போச்சு. எனக்கு எவ்வளவு கேவலமா இருக்குன்னு உனக்குப் புரியுமா? என் பொழைப்புல ஒரே ஒரு நல்ல பொய், அதுவும் உண்மை. லம்லிப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா. பலகையில "கழிவறை, தபால் வழி"ன்னு ரெண்டையும் போடப் போறாளாம்.

இப்ப நான் கேக்கிறது இதுதான். நீ அந்தத் தந்தியைத் தொலைக்கலை. முத்திரை குத்தி, அங்கீகாரம் பெற்ற தபால்பெட்டியில போட்டே. இந்தத் தேசத்துலயே பழைய பெட்டி. அது போய்ச் சேரலை, அவ்வளவுதான். நாப்பத்தேழு வருஷம் தாமதம். உன் விதிப் புஸ்தகத்தை எடுத்துப் பாத்துச் சொல்லு: தாமதமும் தொலைஞ்சதும் ஒண்ணா?

பாத்துட்டு அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வை. மணி பாக்க சமையலறைக்கு நடந்து நடந்து உனக்குக் கால் வலிக்கும்.

வில்ஃப்


விட்பி
8 செப்டம்பர்

வில்ஃப்,

பதிவுத் தபால் பழுதில்லாமல் வந்தது. அரக்கு உடையவில்லை. குலுக்கியது தெரிகிறது, ஓரத்தில் துரு உதிர்ந்திருக்கிறது.

விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். தாமதம் வேறு, தொலைவது வேறு. தாமதமான தந்தியை, எவ்வளவு தாமதமானாலும், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது கடமை. பெறுநர் உயிரோடு இல்லாவிட்டால் அதே வீட்டில் வசிக்கும் வயதுக்கு வந்த உறவினர் கையில் கொடுக்கலாம். நீ இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாய். வயதுக்கு வந்துவிட்டாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை பதினொன்று பத்து பஸ்ஸில் வருகிறேன். உத்தியோகத் தொப்பி பெட்டிக்கு அடியில் கிடந்தது, தங்கை மகள் இஸ்திரி போட்டுத் தந்தாள். வாசலில் தட்டுவேன். கையில் கொடுப்பேன். நீ வாசித்து முடிக்கும்வரை நிற்பேன். கிண்டல் எல்லாம் அதற்குப் பிறகு. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்பேன். பதிலைத் தயாராக வைத்துக்கொள். பழைய தந்திக் கட்டணக் கணக்குப்படி ஒன்பது சொல்லுக்கு மேல் போகாதே, பெயரையும் சேர்த்து.

அந்தப் பலகையையும் பார்க்க வேண்டும். பாதி நாள் போதாது என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தில் பிழைகள் இருந்தன. எண்ணவில்லை.

டார்கஸ்

பி.கு. ஹெர்ரிங் கொண்டுவருகிறேன். ஒரு ஜோடிதான். அந்த வாசலில் நீ இன்னொரு தடவை மாட்டிக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்க என்னால் ஆகாது.


(கோட்டை டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தில், பென்சிலில், ரேவன்பெக், 12 செப்டம்பர் 1987)

பதில்:

சாகலை. அம்மாகிட்ட சொல்லாததுக்கு நன்றி. கெட்டில் கொதிக்குது. உள்ள வா. வில்ஃப்.